பெயர் ஒரு வழி, மரம் ஒரு வழி: கிட்டார், சிதார், யாழ்

கேள்வி இதுதான்: கொடைக்கானலில் பிள்ளைகள் இசை பழகும் ஓர் அறை. மே மாத சீசனில் வெளியூர்க்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள் என்பதால் கிட்டார், சிதார், வீணை, மாண்டலின், உக்குலேலே ஐந்தையும் சுவரோரம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வந்த கதையை ஓர் அட்டையில் எழுத வேண்டும். யாழுக்கு ஒரு மாதிரி செய்யவும் எண்ணம். "சிதார்தான் மேற்கே போய்க் கிட்டார் ஆனது", "குறிஞ்சி யாழ் நம் மலைக்கே உரிய வாத்தியம்" என்று இரண்டு வரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். சரியா?

இரண்டையும் அழித்துவிடுங்கள். முதல் வரி ஒலியொற்றுமையில் ஏமாந்தது. இரண்டாவது, 'யாழ்' என்ற சொல்லுக்கு இருக்கும் இன்னொரு பொருளைத் தவறவிட்டது. ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு தனித்தனி வரி எழுதுங்கள்: சொல் எங்கிருந்து வந்தது, கருவியின் உடல் எங்கிருந்து வந்தது. இசைக்கருவிகள் விஷயத்தில் இந்த இரண்டு வழிகளும் ஒன்றாக இருப்பது அபூர்வம். புதிதாக ஒரு கருவி ஊருக்குள் வந்தால், ஏற்கெனவே வாயில் இருக்கும் பெயரைத்தான் அதற்கு வைப்பார்கள். இணையத்தில் சுற்றும் குழப்பங்களில் பாதி இங்கே தொடங்குகிறது.

சிதாரை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. பாரசீகத்தில் 'சே' என்றால் மூன்று, 'தார்' என்றால் கம்பி. இரண்டு கம்பி உள்ளது தோதார், மூன்று உள்ளது சேதார், நான்கு உள்ளது சார்தார். ஆனால் இந்தப் பெயர்களில் உள்ள எண் பெயர் வைத்த நாளின் கணக்கு, இன்றைய கணக்கு அல்ல. ஈரானில் இன்று வாசிக்கும் சேதாருக்கு நான்கு கம்பி. 18-ஆம் நூற்றாண்டு டெல்லியில் உருப்பெற்ற நம் சிதாருக்கு வாசிக்கும் கம்பியே 6 அல்லது 7, அடியில் தானாக அதிரும் தரபுக் கம்பிகள் 11 முதல் 13. யாராவது பிள்ளை எண்ணிப் பார்த்துவிட்டு "மூன்று எங்கே?" என்று கேட்கும், பதிலை அட்டையிலேயே எழுதி வையுங்கள். அமீர் குஸ்ரோ 13-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தார் என்ற கதையை எழுத வேண்டாம், அது பின்னால் கட்டியது.

இந்தத் 'தார்' என்ற சொல் இந்தியில் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. கம்பி என்ற பொருளிலிருந்து, கம்பி வழியே வந்த அவசரச் செய்திக்கும் அதுவே பெயரானது. நம் பக்கத்திலும் அதே கதைதான்: வீணையின் தந்தி தபாலாபீசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 2013 ஜூலையில் அந்தச் சேவை மூடப்பட்ட பிறகு சொல் மறுபடி வீணைக்கே திரும்பியிருக்கிறது.

இனி கிட்டார். ஆங்கிலத்துக்கு முன்னால் ஸ்பானியத்தில் 'கித்தாரா', அதற்கு முன் ஸ்பெயினை ஆண்ட அரபியரின் பேச்சில் 'கீத்தாரா', அதற்கும் முன் கிரேக்கத்தில் 'கித்தரா'. ஹோமரின் காவியங்களிலேயே 'கித்தரிஸ்' என்ற வடிவம் இருக்கிறது. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கும் போனது. லத்தீனின் பிள்ளைதான் ஸ்பானியம், பிறகு ஏன் நடுவில் அரபியை இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். விடை முதல் எழுத்தில் இருக்கிறது. பேச்சு லத்தீனில் இ, எ ஒலிகளுக்கு முன்னால் வரும் 'க' இளகி, 'ச' பக்கம் சாய்ந்துவிடும். அப்படி இளகி வந்த வடிவம் இத்தாலியத்தில் 'சேத்ரா'. அது கிட்டார் அல்ல, பழைய லைர் வகைக் கருவி (கழுத்தில்லாமல் இரண்டு கைகளுக்கு நடுவே நரம்பு கட்டியது). அதே இத்தாலியத்தில் கிட்டாருக்குப் பெயர் 'கித்தார்ரா': 'க' இளகவே இல்லை. இளகாத 'க' வந்திருக்கிறது என்றால், சொல் பேச்சு லத்தீனைத் தொடாமல் வேறு பாதையில் வந்திருக்க வேண்டும். கிரேக்கத்தின் 'க' அரபியில் தொண்டையடி ஒலியாகக் கெட்டியாகவே நின்றது, அங்கிருந்து ஸ்பெயினில் அழுந்திய 'க' ஆனது. ஒரு வீட்டுக்குள் முன்வாசல் வழியாக ஒரு முறையும் கொல்லை வழியாக ஒரு முறையும் ஒரே ஆள் நுழைந்த மாதிரி, ஒரே சொல் இத்தாலியத்தில் இரண்டு முகத்தோடு இருக்கிறது. (அப்ரூஸ்ஸோ பகுதியில் மாவை அறுத்து நூடுல்ஸ் எடுக்கக் கம்பி கட்டிய ஒரு சட்டத்தை வைத்திருப்பார்கள். அதற்கும் பெயர் கித்தார்ராதான்.)

ஜெர்மனின் 'ஸித்தர்', பழைய ஆங்கிலக் கருவியான 'சிட்டர்ன்' எல்லாம் அந்த இளகிய பக்கத்துச் சொந்தங்கள். இன்றைய கிரேக்கர்கள் கிட்டாரையே 'கித்தாரா' என்கிறார்கள். கடன் கொடுத்த அரபியோ, ஐரோப்பா போய்த் திரும்பிய வடிவத்தை 'கீத்தார்' என்று புதிதாகக் கடன் வாங்கிக்கொண்டது.

சிதார், சார்தார், 'சதுர்தந்தி' போன்றவற்றிலிருந்து கிட்டாரைக் கொண்டுவரும் விளக்கங்கள் எங்கே உடைகின்றன? மூன்று சோதனை வையுங்கள். காலம்: சிதார் என்ற கருவி பிறப்பதற்கு நூற்றாண்டுகள் முன்பே, 14-ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிதையில் கித்தாரா இருக்கிறது, கிரேக்க வடிவமோ கிறிஸ்துவுக்கு முந்தியது. வழி: சொல் எந்த மொழிகள் வழியாகக் கை மாறியது என்று நடுக்கண்ணிகளைக் காட்ட வேண்டும். கிரேக்கம், அரபி, ஸ்பானியம் என்று கண்ணிகள் இருக்கின்றன. சார்தாருக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் யாரும் கண்ணி காட்டவில்லை. ஒலி: 'ச' எப்படி 'க' ஆனது என்று அதே மொழியின் வேறு நாலு சொற்களில் காட்ட வேண்டும். ஒரு சொல்லுக்கு மட்டும் நடக்கும் ஒலிமாற்றத்தை நம்பக் கூடாது. மூன்றில் ஒன்றில் தோற்றாலும் அட்டையில் ஏற்ற வேண்டாம்.

சொல்லின் வழி இது. உடலின் வழி முற்றிலும் வேறு. கிரேக்கக் கித்தராவுக்குக் கழுத்தே கிடையாது. ஒரு பெட்டி, அதிலிருந்து மேலே போகும் இரண்டு கைகள், குறுக்கே ஒரு சட்டம், பெரும்பாலும் 7 நரம்பு. விரலால் கம்பியை அழுத்தி நீளத்தைக் குறைக்கும் இடமே அதில் இல்லை, ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். கிட்டாரின் உடல் கழுத்துள்ள கருவிகளின் வம்சம். துருக்கியில் அலாஜா ஹோயுக் என்ற இடத்தில், ஹிட்டைட்டுகளின் கற்சிற்பத்தில், இடுப்பு ஒடுங்கிய உடலும் நீண்ட கழுத்தும் உள்ள கருவியை ஒருவர் வாசிக்கிறார். மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. அதிலிருந்து நேராக இன்றைய கிட்டாருக்குக் கோடு போட முடியாது, ஆனால் 'இடுப்பு' ஐரோப்பியர் கண்டுபிடித்தது அல்ல என்று காட்ட அது போதும்.

ஐரோப்பாவில் கோடு தெளிவாகத் தெரிவது 16-ஆம் நூற்றாண்டிலிருந்து. அப்போது ஸ்பெயினில் கித்தாரா என்றால் நான்கு ஜோடி நரம்புள்ள சின்னக் கருவி. அலோன்சோ முதாரா 1546-இல் வெளியிட்ட தொகுப்பில் அதற்கான இசை இருக்கிறது. அதைவிடப் பெரிய, ஆறு ஜோடி நரம்புள்ள கருவிக்கு 'விஹுவேலா' என்று பெயர். பிறகு கித்தாரா ஐந்து ஜோடியானது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆறு ஒற்றை நரம்பானது. 19-ஆம் நூற்றாண்டில் அல்மேரியாக்காரர் அந்தோனியோ தே தொர்ரெஸ் உடலைப் பெரிதாக்கி, மேல்பலகையின் அடியில் விசிறிபோல் மரச்சட்டங்களை ஒட்டி, நரம்பின் நீளத்தை 650 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தார். இன்று கடையில் வாங்கும் கிளாசிக்கல் கிட்டாரின் அளவு அதுதான். போர்ச்சுகலில் போய் 'கித்தார்ரா' கேட்டால் பன்னிரண்டு உலோகக் கம்பியும் பேரிக்காய் உடலும் உள்ள வேறு கருவியை எடுத்துக் கொடுப்பார்கள். நம் கிட்டாருக்கு அங்கே பெயர் 'வியோலா'. பெயர் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கிட்டார் அட்டையில் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஒரே பெயரில் இன்று இரண்டு கருவிகள் விற்கின்றன. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. இரும்புக் கம்பி கிட்டாரில் மெல்லிய செட் போட்டாலே 70 கிலோ. அதைத் தாங்குவது அமெரிக்காவில் உருவான பெருக்கல் குறி வடிவச் சட்டம். "கிட்டார் கம்பிதானே" என்று விசிறிச் சட்ட உடலில் இரும்புக் கம்பி மாட்டினால், முதலில் குதிரைக்கு (மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பின்னால் மேல்பலகை உப்பும், பிறகு குதிரை பசையை விட்டு எழும்பும், கழுத்தும் வளையும். மலையில் இது இன்னும் வேகமாக நடக்கும். கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் மழையில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும், ஜனவரி, பிப்ரவரியில் காய்ந்து சுருங்கும். ஒட்டு விடுவது அந்தச் சுருக்கத்தில்தான். அறையில் ஓர் ஈரமானி வைத்து 45 முதல் 55 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்கு வைக்கும் ஹீட்டர் பக்கத்தில் எந்தக் கருவியும் வேண்டாம். மெட்டுகளின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) நுனி விரலைக் கீற ஆரம்பித்தால் அது மெட்டின் குற்றம் அல்ல: பலகை காய்ந்து ஒடுங்கியிருக்கிறது.

மாண்டலினும் உக்குலேலேயும் சிறிய அட்டைக்கே தாங்கும். மாண்டலின், 'மண்டோலா'வின் சின்ன வடிவம். அதன் பின்னால் இருப்பது கிரேக்கப் 'பந்தூரா' என்ற நீள்கழுத்துக் கருவி. இத்தாலியத்தில் பாதாம் பருப்புக்கு 'மந்தோர்லா' என்று பெயர், உடலும் பாதாம் வடிவம், எனவே அதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். வழக்கமாக நான்கு ஜோடி, எட்டுக் கம்பி. கர்நாடக இசையில் யு. ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிக்கு மாறினார், கமகத்துக்கு ஜோடிக் கம்பி இடைஞ்சல் என்பதால். உக்குலேலே ஹவாய் மொழியில் 'குதிக்கும் தெள்ளுப்பூச்சி'. உடலோ போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து, 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு ஹொனலுலு வந்தவர்களோடு இறங்கிய 'மஷேத்'. பெயர் தீவில் பிறந்தது, உடல் கடல் தாண்டி வந்தது.

வீணைக்கு வந்தால் நம் ஊர்ப் பெருமை குறுக்கே நிற்கும். 'வீணை வேதகாலத்தியது' என்பது சொல்லுக்குச் சரி, கருவிக்குச் சரியல்ல. அந்தக் காலத்து வீணை வில்போல் வளைந்த, மெட்டில்லாத கருவி. 4-ஆம் நூற்றாண்டின் சமுத்திரகுப்தன் பொற்காசில் அரசன் மடியில் வைத்து வாசிப்பது அந்த வகைதான். இன்றும் அந்த உடலை உயிரோடு பார்க்க வேண்டுமானால் பர்மாவின் 'சௌங்' கருவியைப் பாருங்கள். நாம் இன்று வீணை என்பது 24 மெட்டு, வாசிக்க நான்கு கம்பி, தாளத்துக்கு மூன்று என்று 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது. உங்கள் வீணை கீழிருந்து வந்தது என்றால் மெட்டுகளைப் பதித்த மெழுகைக் கவனியுங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த அந்த மெழுகு மலைக்குளிரில் உடையும் பதத்துக்கு வரும், தண்டியை (வீணையின் நீண்ட கழுத்து) ஓர் இடி இடித்தால் மெட்டு பெயர்ந்துவிடும். மே மாதத்தில் பயமில்லை. டிசம்பரில் மேசையிலிருந்து எடுக்கும்போது தண்டியையும் குடத்தையும் (உருண்டையான உடல்) சேர்த்துத் தாங்கித் தூக்கச் சொல்லுங்கள்.

தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து வரும் பிள்ளைகள் இன்னொரு கேள்வி கேட்கும், தயாராக இருங்கள். தமிழ் வேதாகமத்தில் தாவீது சவுலுக்கு முன் வாசிப்பது சுரமண்டலம். எபிரேய மூலத்தில் அங்கே உள்ள சொல் 'கின்னோர்'. தமிழில் 'கின்னரம்' என்றே ஒரு சொல் கைவசம் இருந்தும் மொழிபெயர்த்தவர்கள் அதை அங்கே வைக்கவில்லை. தானியேல் 3-ஆம் அதிகாரத்து வாத்திய வரிசையில் எக்காளம், நாகசுரத்துக்கு அடுத்ததாகக் கின்னரம் வருகிறது. அந்த இடத்தில் அரமேய மூலத்தில் இருப்பது 'கைத்ரோஸ்', கிரேக்கக் கித்தராவேதான்! கிட்டாரின் கொள்ளுப்பாட்டன் நம் வேதாகமத்தில் கின்னரம் என்ற பெயரில் நிற்கிறான். மிரியாம் கையில் எடுத்த 'தம்புரு' நம் சுருதித் தம்புரா அல்ல, கையால் தட்டும் சிறு பறை. இவற்றைப் பிழை என்று சொல்லாதீர்கள். படிப்பவருக்குத் தெரிந்த பெயரைத் தெரியாத கருவிக்கு வைக்கும் அதே பழக்கம்தான், ஸ்பெயினில் நடந்ததும் இதுதான்.

கடைசியாக யாழ். திணை இலக்கணத்தில் குறிஞ்சியின் கருப்பொருளாகக் 'குறிஞ்சி யாழ்' என்று வரும். அங்கே யாழ் என்றால் கருவி இல்லை, பண். பாலையாழ், குறிஞ்சியாழ், மருதயாழ், செவ்வழியாழ் என்ற நான்கும் பெரும்பண்கள். கருவியின் பெயரே இசைவகைக்கும் பெயராகிப்போனது. எனவே "குறிஞ்சி யாழ் என்ற வாத்தியம்" என்று எழுதி அதன் கீழே ஒரு மாதிரியை வைத்தால், தமிழ் படித்தவர் யாரேனும் வந்தால் சிரிப்பார். கருவிகளின் பெயர் வேறு: சீறியாழுக்கு 7 நரம்பு, பேரியாழுக்கு 21. மேற்கு ஆப்பிரிக்காவின் 'கோரா'வுக்கும் 21 கம்பி, அதிலும் கழுத்தைச் சுற்றிய தோல்வளையங்களால்தான் சுருதி கூட்டுகிறார்கள், நம் யாழின் திவவுபோல. உடனே உறவு கொண்டாடத் தோன்றும். காலம், வழி, ஒலி என்ற மூன்று சோதனையில் எதிலும் அது நிற்காது, விட்டுவிடுங்கள்.

மலைக்கு அருகே ஒன்று வேண்டுமென்றால் வில்யாழைச் செய்யுங்கள். பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன், குமிழ மரத்தின் உள்துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, விரலால் தெறித்து வாசிக்கிறான். வாசிக்கும் பண் எது தெரியுமா? குறிஞ்சி. அட்டைக்கு இது போதாதா! மரல் என்பது மருள், வாள்போல நீண்ட இலையுள்ள செடி, அதன் நார் வில்லுக்கு நாணாகவும் ஆனது.

மாதிரிக்குக் காட்டு மரத்தில் கை வைக்க வேண்டாம், வாங்கிய மூங்கில் போதும். 110 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலப் பிளாச்சு. ஈரத்தோடு வளைத்துக் கயிற்றால் கட்டி, இரண்டு வாரம் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் கணுவில் விரியும். ஒரு முனையில் பாதிச் சுரைக்குடுக்கை, அதன் வாயில் தோல் போர்த்து, தோலின் நடுவில் ஒரு குச்சியைத் தைத்து, நரம்புகளை அந்தக் குச்சியில் முடியுங்கள். கிட்டாரின் முதல் நைலான் கம்பி, 0.7 மில்லிமீட்டர், மூன்று துண்டு. அதிரும் நீளம் 60, 40, 30 சென்டிமீட்டர். மூன்றையும் ஒரே விசையில் இழுத்தால் ச, ப, மேல் ச என்று தானாக அமையும், 60-க்கு 40 மூன்றுக்கு இரண்டு, 60-க்கு 30 இரட்டை. ஒரு நரம்புக்கு ஒரு கிலோ இழுவை தாராளம், இரும்புக் கம்பி கட்டினால் பிளாச்சு ஒடியும்.

முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் ஓர் இடத்தில் மாட்டுவார்கள். ஒரு நரம்பை முறுக்கினால் வில் இன்னும் கொஞ்சம் வளையும், ஏற்கெனவே கூட்டிய மற்ற இரண்டும் தளர்ந்து சுருதி இறங்கும். எனவே ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். மூன்றையும் பாதி சுருதிக்கு ஏற்றி, மறுபடி சுற்றி வந்து முக்கால், பிறகு முழுசு, ஒரு நாள் விட்டு மறுபடி. பனிமூட்டம் அறைக்குள் வந்தால் தோல் தளர்ந்து மூன்றும் ஒன்றாக இறங்கும். அப்போது நரம்பை முறுக்காமல் தோல் காயும்வரை பொறுங்கள். முறுக்கிவிட்டுப் போனால், மதியம் வெயில் ஏறித் தோல் இறுகும்போது தைத்த இடம் கிழியும்.

அட்டைகளைச் செல்லோடேப்பால் கருவிமேல் ஒட்ட வேண்டாம். எடுக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். நூலில் கோத்துப் பிருடையில் (கம்பியை முறுக்கும் முளை) தொங்கவிடுங்கள்.